நீதிபதி ஐயா இரண்டு தரம் கேட்ட கேள்வி

என் கண்ணாடி அலுமாரியில் ஒரு வெள்ளி மூக்குப்பேணி இருக்கிறது. வாய்படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு மூக்கு வைத்த பேணி. ஐம்பத்தாறில் என் கலியாணத்துக்கு நானே பட்டணத்துத் தட்டாரிடம் சொல்லிச் செய்வித்தது. அடியில் என் பெயர் வெட்டியிருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தெற்கே ஒரு சுருட்டுக்கடையில் தரை கூட்டித் தொடங்கி, இருபத்தெட்டு வயதில் சொந்தக் கடையும் லொறியும் வைத்திருந்தவன் நான். எங்கள் தீவில், என் ஊரான மண்கும்பானில் அப்படி ஒருவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனாலும் அந்தப் பேணி கண்ணில் படுகிற நேரமெல்லாம் கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து நடக்கிறேன். காரணம் நீதிபதி ஐயா.

ஐயா பக்கத்துத் தீவான புங்குடுதீவில் மடத்துவெளி ஆள். விடியப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வள்ளமேறிப் படிக்கப் போனவர். சட்டத்தரணியாக இருந்த காலத்தில் தீவார் வீட்டு நன்மை தீமை ஒன்றையும் தவறவிட மாட்டார். நீதிபதியான நாளோடு அது நின்றது. நாங்கள் கடை வைத்திருந்த தெற்கு நகரத்து நீதிமன்றத்தில் கடன் கட்ட வழியற்றுப் போனவர்களின் வங்குறோத்து வழக்குகளை அவர்தான் விசாரித்தார். தீவாரில் பாதிப்பேர் வியாபாரிகள். எவன் எப்போது கையை விரித்துக்கொண்டு தன் முன்னால் வந்து நிற்பான் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒருவன் வீட்டிலும் அவர் கை நனைக்கவில்லை. ஊருக்கு வருகிற பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்தாலும் இருக்கமாட்டார், கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவார். திமிர் என்றது ஊர். நானும்தான் சொன்னேன். ஆனால் அவர் வழக்கை முடித்துவிட்டால் கடன் கொடுத்தவனும் பட்டவனும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். அப்படி ஒரு நீதி.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் முறை வந்தது. பக்கத்துக் கடையில் பிடித்த தீ என் கடையையும் தின்றது. வேறு வழியில்லாமல் வங்குறோத்துக்கு எழுதிக் கொடுத்தேன். உள்ளதையெல்லாம் பட்டியல் எழுதி ஒப்படைக்க வேண்டும். முடிவில் நீதிபதி கடனிலிருந்து விடுவித்து ஒரு பத்திரம் தருவார். தன் பிழை இல்லாமல் விழுந்தவனுக்கு முதலாம் வகுப்பு, கொஞ்சம் பிழை உள்ளவனுக்கு இரண்டாம் வகுப்பு, முழுக்கப் பிழை என்றால் மூன்றாம் வகுப்பு. வாழ்க்கையில் ஒரு சோதனையும் பாஸ் பண்ணாத எனக்கு அந்த முதலாம் வகுப்பில் பெரிய ஆசை. லொறி, மேசை, தராசு, கைக்கடிகாரம், எல்லாம் எழுதினேன். பேணியை எழுதவில்லை. என் பெயர் வெட்டிய சாமானை எவனோ ஏலத்தில் எடுத்து அதில் தண்ணீர் குடிப்பதா? அது ஊரில், மனைவியின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. நான் எழுதாமல் விட்டது அவளுக்கும் தெரியாது.

ஐயா இங்கிலீசில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இவற்றைவிட வேறு உடைமை ஏதும் உண்டா?"

"இல்லை" என்றேன்.

ஐயா கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்து, அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்டிராத எங்கள் தீவுத் தமிழில் தானே கேட்டார்: "வேறை ஒண்டும் இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"ஒண்டும் இல்லை ஐயா."

பேனையை எடுத்தார். எனக்கு இரண்டாம் வகுப்பு.

ஊருக்கு வந்தால் பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன முதலாளி, நாலாம் வகுப்பிலை விட்ட உம்மை இரண்டாம் வகுப்பிலை இருத்திப் போட்டாராமே!" அந்தச் சிரிப்பு என்னை மறுபடி தெற்கே துரத்தியது. சட்டப்படி நான் இனி எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் மறுபடி கடை போட்டு, பழைய கடன்காரர் ஒவ்வொருவர் வாசலுக்கும் போய் முழுவதையும் கொடுத்தேன். எவன் செய்வான்? மண்கும்பானில் மேல்வீடும் கட்டினேன். ஐயா அப்போது ஓய்வு பெற்று ஊரோடு வந்திருந்தார். போய்க் கூப்பிட்டேன். நான் முதலாம் வகுப்பு ஆள் என்று அவர் வாயால் ஒரு தரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு பின்னேரம் குடையை மடக்கிக்கொண்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று மனைவி அந்த வெள்ளிப் பேணியைப் திருநீறு போட்டு மினுக்கி, அதிலே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஐயா வாங்கி, அண்ணாந்து, நூல் போல விழ, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார்.

"நல்ல தண்ணி, பிள்ளை. இந்தப் பேணியிலை முந்தியும் குடிச்சனான்."

"எப்ப ஐயா?" என்றாள் மனைவி.

"உங்கடை கலியாணத்திலை. உம்மடை மனுசன் இதைப் பந்தல் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர். 'என்ரை பேர் வெட்டியிருக்கு, குடிச்சுப் பாருங்கோ' எண்டு. என்னை விட்டவரோ?"

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நானூறு பேருக்குக் காட்டியது எனக்கு நினைவிருந்தது. அதில் ஒருவர் இவர் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

"ஐயா, அண்டைக்கு..."

"இரண்டு தரம் கேட்டனான்" என்றார், குரலை உயர்த்தாமல். "சொல்லியிருந்தால் வீட்டுப் பாவனைச் சாமான் எண்டு உமக்கே விட்டிருப்பன். முதலாம் வகுப்பு எழுதத்தான் பேனை கையிலை இருந்தது."

"பிறகு எல்லாருக்கும் குடுத்திட்டன் ஐயா. ஒரு சதம் பாக்கியில்லை."

"தெரியும். பெரிய காரியம். ஆனால் நான் கேட்டது அதில்லை." குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "ஒளிச்சதுக்கு நீர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியிருக்க வேணும். நான் கண்ணை மூடினன். என்ரை உத்தியோகத்திலை அந்த ஒரு நாள்தான்."

பிறகு அவர் வரவில்லை. போன மாசியில் காலமானார். நீதிபதியான பிறகு அவர் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே வியாபாரி வீடு என்னுடையதுதான் என்று செத்தவீட்டிலும் சொன்னேன். எதில் குடித்தார் என்று சொல்லவில்லை.

இப்போதும் விறாந்தையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை நடந்து, அலுமாரிக்கு முன்னால்தான் வந்து நிற்கிறேன். கண்ணாடிக்குள் பேணி மினுங்குகிறது. மனைவி குசினிக்குள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்:

"ஓம் ஐயா. ஒண்டு இருக்கு."