பாலத்துக்கு முன் குடிக்காத தண்ணீர்

பல வருடங்களாக நான் காலையில் தண்ணீர் குடித்ததில்லை. மலேசியாவின் தம்போயிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிற யாருமே குடிக்க மாட்டார்கள். அந்த எல்லைப் பாலத்தில் நெரிசல் பிடித்தால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது, நடுவில் கழிப்பறையும் இல்லை. புதிதாக ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஏறினால் பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சாமர்த்தியம் என்னைக் கவிழ்த்தது, அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தபோதுதான். அவளுக்கு இரண்டுமே பழுது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.

ஸ்கேன் திரையில் டாக்டரம்மா காட்டினார். "இது உங்க வலது கிட்னி. மேல கல்லீரல் இருக்குறதால இடதைவிடக் கொஞ்சம் கீழ இருக்கும்." முதுகுப் பக்கம், அவரை விதை வடிவத்தில், என் கைமுஷ்டி அளவுதான். சிறுநீர் பிரிப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க ரத்தத்தை வடிகட்டுகிறது, தேவையான தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறது, ரத்த அழுத்தத்தைக் கவனிக்கிறது, புது ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்கும் சேதி அனுப்புகிறதாம். அக்கா ஏன் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறாள் என்பது அன்றுதான் புரிந்தது. சும்மா இருக்கத் தெரியாத உறுப்பு. எனக்கும் சும்மா இருக்கத் தெரியாது.

ஒரு நாள் முழுக்க வரும் சிறுநீரைப் பிடித்துவரப் பெரிய போத்தல் ஒன்று கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிடித்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்ளோதானா? பாதியக் கொட்டிட்டீங்களா?"

"இல்ல டாக்டர். எல்லாத்தையும் பிடிச்சேன்."

"தண்ணி குடிச்சீங்களா?"

யோசித்தேன். காலையில் கோப்பி, மத்தியானம் ரசம். பஸ்ஸும் பாலமும் இல்லாத நாளில்கூட எனக்குத் தாகம் எடுக்கவில்லை.

"ரத்தத்துலயும் கழிவு ஏறியிருக்கு. தண்ணி பத்தாததாலயா, கிட்னியே சரியில்லையான்னு தெரியல. நல்லா குடிச்சிட்டு மறுபடியும் எடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா உங்ககிட்ட எடுக்க முடியாது."

அந்த வாரம் எதிலும் மனம் ஒட்டவில்லை. என்மேலேயே எரிச்சல். அக்காவின் வாழ்க்கையை ஒரு பஸ் பழக்கத்தில் தொலைத்துவிட்டேனோ என்ற பயம் வேறு.

இரண்டாவது ஞாயிறு அக்காவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பிளாஸ்க் தண்ணீர்தான் அவளுக்கு அனுமதி. வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டு எனக்கு டம்ளர் டம்ளராக ஊற்றினாள்.

"குடி லா. என்ன மூஞ்சிய சுளிக்கிற? எனக்கு ஒண்ணுக்கு வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு."

சிரித்தபடிதான் சொன்னாள். அவள் கண் மட்டும் டம்ளரை விட்டு நகரவில்லை. எனக்கு அழுகை வந்தது. குடித்தேன்.

இந்த முறை அறிக்கை சரியாக வந்தது. இன்னும் எத்தனையோ பரிசோதனைகள் பாக்கி.

மறுநாள் காலை போத்தலோடு பஸ் ஏறினேன். எல்லாரும் சிரித்தார்கள். பாலத்தில் வண்டி நின்றே விட்டது. அடிவயிறு கனத்து, இருக்கையில் நெளிந்தபடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, முட்டுதுக்கா. தாங்க முடியல."

அவள் ஐஸ் துண்டை நறுக்கென்று கடிப்பது கேட்டது.

"முட்டட்டும்டா," என்றாள். "நல்லா முட்டட்டும்."