திங்கட்கிழமை எடுத்த வீடியோ

என் செல்போனில் முக்கால் நிமிஷம் ஓடும் வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் பூனை தறிக்கூடத்து வாசலில் விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. பின்னால் தறி ஓடும் சத்தம். அதையும் மீறி ஒரு ஆள் சிரிப்பது கேட்கிறது. சிரிப்பது நான்தான்.

பூனை என் மனைவியுடையது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு நான்கு விசைத்தறி ஓடுகிறது. நூலை எலி கடிக்கிறது என்று சொல்லித்தான் அவள் அந்தக் குட்டியை எடுத்துவந்தாள். பதினோரு வருஷத்தில் அது உருப்படியாக ஒரு எலியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. மகளைக் கூப்பிடுகிற மாதிரி அவள் அதை 'ஏட்டி' என்று கூப்பிடுவாள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வழியில் படுத்திருந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போவேன். ஆனாலும் மதியம் நான் தறியை நிறுத்தியதும் எங்கிருந்தாலும் வந்து என் காலடியில் உட்காரும். என் தட்டில் இருக்கும் மீனுக்காகத்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். மனைவி ராஜபாளையத்துக்குக் கிளம்பிப் போனாள். பஸ் ஏறும்போதுகூட என்னைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"நீங்க எங்கனயாவது தின்னுக்கிடுவிய. அதுக்கு வேளாவேளைக்கு வையுங்க. அது வாயில்லா சீவன்" என்றாள்.

நானும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டினேன்.

அவள் போன நாலாவது நாள், திங்கட்கிழமை. முற்பகல் பதினோரு மணி இருக்கும். ஒரு தறியில் பாவு இழை அறுந்து, குனிந்து முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசலில் பூனை நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடக்கப் பார்த்து இடது பக்கமாகச் சரிந்தது. எழுந்து இடப்பக்கமாகவே ஒரு வட்டம் போட்டது. பிறகு பொத்தென்று விழுந்தது. டாஸ்மாக்கில் இருந்து வருகிறவன் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரே சிரிப்பு. செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். தறிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். "அண்ணாச்சி வீட்டுப் பூனையும் தண்ணி போட்டுட்டா" என்று ஒருவர் எழுதினார். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் தறிக்குத் திரும்பிவிட்டேன். கரண்டு இருக்கும்போது ஓட்டினால்தானே உண்டு.

மதியம் தறியை நிறுத்தியபோது அது வரவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் அதே இடத்தில் கிடந்தது. இடது முன்னங்கால் துணி மாதிரி துவண்டிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது விஷக்கடிதான். பூரானோ தேளோ கடித்திருக்கும் என்று முடிவு செய்தேன். சாமி அலமாரியில் டப்பா நிறையக் கோயில் புற்றுமண் இருந்தது. எனக்குத் தேமல் வந்தாலும் மகளுக்குப் பூச்சி கடித்தாலும் அதைத்தான் குழைத்துப் பூசியிருக்கிறோம். அதைத் தண்ணீரில் குழைத்துப் பூனையின் உடம்பெல்லாம் தடவினேன். அதன் வாயைத் திறந்து நாக்கிலும் கொஞ்சம் வைத்தேன். முழுங்க முடியாமல் அது என்னைப் பார்த்தது. நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை எனக்கு. செவ்வாய்க்கிழமையும் அப்படியே பூசிவிட்டுத் தறி ஓட்டினேன். மனைவி போனில் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

புதன்கிழமை காலையில் அது தன் மூத்திரத்திலேயே நனைந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நூல் வந்த அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, அதைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆடும் மாடுமாகக் கூட்டம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்களெல்லாம் என்னவென்று விசாரித்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. பூனையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன மண்ணு?" என்றார்.

"புத்துமண்ணு மேடம்."

அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போல. திட்டாமல் பஞ்சை நனைத்து வாயைத் துடைத்தார்.

"எப்பமிருந்து இப்படி இருக்கு அண்ணாச்சி?"

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "இன்னைக்குக் காலையிலேருந்துதான்" என்றேன்.

"விழும்போது வீடியோ ஏதும் எடுத்தியளா? பாத்தா எங்களுக்கு லேசா இருக்கும்."

செல்போன் சட்டைப்பையில்தான் இருந்தது. "இல்லையே மேடம்" என்றேன்.

காலையில்தான் ஆரம்பித்தது என்றால் எலி மருந்து வைத்த எதையாவது தின்றிருக்கலாம், தலையிலும் ஏதாவது இருக்கலாம் என்றார். முதலில் விஷத்துக்கான வைத்தியம் பார்த்தார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். ஒரே பக்கமாகக் கிடக்க விடக் கூடாது, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், பத்து நாள் கழித்து மறுபடி கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பத்து நாளும் நான் அதைப் பார்த்துக்கொண்டதைப் போல என் பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. சாளை மீனை வேகவைத்து, முள் எடுத்து, மிக்சியில் அடித்து வடிகட்டினேன். கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தறியை நிறுத்திவிட்டு வந்து புரட்டிப் போட்டேன். வெந்நீரில் துணி நனைத்துப் பின்பக்கம் துடைத்தேன். "வே, பூனைக்கு ஆயா வேலையா பாக்கீரு?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அதை 'ஏட்டி' என்று கூப்பிடவும் ஆரம்பித்திருந்தேன். கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும். எவ்வளவு செய்தாலும் மனம் ஆறவில்லை. துடைக்கும்போதெல்லாம் என் சிரிப்புதான் காதில் கேட்டது. குழுவில் இருந்து வீடியோவை நீக்கினேன். செல்போனில் இருந்து நீக்கத் துணிவு வரவில்லை.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்பதை மட்டும் பிறகு மனைவியிடம் சொல்லியிருந்தேன். பத்தாம் நாள் அவள் வந்து சேர்ந்தாள். பெட்டியையும் சிரிஞ்சையும் மடித்து வைத்த துணிகளையும் பார்த்தவள் கண் கலங்கிவிட்டாள்.

"நான் இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேன். உங்களப் போயி நான் கல்லு மனசுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

அவள் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலை மடக்கிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விஷம் என்றால் இந்நேரம் தெளிந்திருக்க வேண்டும் என்று யோசித்தார். "நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க அண்ணாச்சி. மொத மொத ஒரேயடியா விழுந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா தளந்துச்சா?"

மனைவி என்னைப் பார்த்தாள். பூனை எங்களைப் பார்த்தபடி கிடந்தது. இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. செல்போனை எடுத்து, வீடியோவைப் போட்டு நீட்டினேன்.

அந்தச் சின்ன அறையில் என் சிரிப்பு முழுசாகக் கேட்டது. "அன்னைக்கு வீடியோ இல்லைன்னு சொன்னியளே அண்ணாச்சி" என்றபடி டாக்டரம்மா தேதியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மூளைக்குப் போகிற ரத்தம் திடீரென்று தடைப்பட்டிருக்கிறது, மனிதர்களுக்கு வரும் பக்கவாதம் போலத்தான் என்றார். இனி அந்தக் காலை நீவி மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். நடை திரும்பலாம், தலைச்சாய்வு போகாமலும் இருக்கலாம். அன்றைக்கே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார்.

பிறகு வீடியோவை இன்னொரு தடவை ஓட்டினார். "விழுந்து விழுந்து ஒரே எடத்தப் பாத்தே வருது பாருங்க. எங்க போகுது அது?"

அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. வட்டம் போட்டுச் சரிந்த ஒவ்வொரு தடவையும் அது முகத்தைத் திருப்பி, படம் எடுப்பவனை நோக்கி ஒரு அடி வைக்கிறது.

"இவுககிட்டதான் வருது" என்றாள் மனைவி.

ஆட்டோவில் வரும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. "தெரியாம சிரிச்சிட்டேன்" என்றேன்.

"சிரிச்சது தெரியாமத்தான்" என்றாள். "டாக்டர்ட்ட இல்லைன்னு சொன்னது?"

ரயில் கடந்து போனது. கேட் திறந்ததும் அவள் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பூனை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு, வராத அந்தக் காலையும் இழுத்துக்கொண்டு, என் கைப்பக்கமாக நகர்ந்தது.