சலோமி அக்கா பெயர் கொடுத்திருந்தார்

பொய் சொன்னேன். என் தப்பை மறைக்க, ஒரு பெண் தன் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி செய்தேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எழுத்தர் நான். அப்போது ஞாயிறுதோறும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் 'லிஸ்ட்' பாடம் முடிந்த வாரம் அது. புதிதாக ஒன்று கற்றுக்கொண்டால் கை சும்மா இருக்குமா!

தையல் மிஷின் பயிற்சிக்கு விருப்பமுள்ள பெண்கள் சாப்பாட்டு வேளையில் வந்து பெயர் சொன்னார்கள். நோட்டில் எழுதுவதுதான் வழக்கம். நானோ நேராகக் கம்ப்யூட்டரில் தட்டினேன்.

சலோமி அக்காவும் சொன்னார். பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். ஒன்பது வருடமாகத் தோலுக்குப் பசை பூசும் மேஜையில் வேலை. அந்த நெடி நெஞ்சுக்குள் இறங்கி, ஓயாத இருமல்... மேஜையை விட்டு மாறியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுவாரம், லீவில் இருப்பவர்களை அடுத்த பயிற்சிக்குத் தள்ளச் சொன்னார் மேனேஜர். ஏழு பேர். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அக்காவும் அதில் ஒருவர். முழு லிஸ்டான 'பழசு' அடுத்த பயிற்சிக்காக அப்படியே இருக்கட்டும் என்று, 'புதுசு = பழசு' என ஒரு வரி எழுதினேன். நகல் எடுத்துவிட்டதாக நினைப்பு! புதுசிலிருந்து ஏழு பெயரையும் நீக்கி, இரண்டையும் சேமித்து மூடினேன்.

நகல் எங்கே வந்தது? ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஒன்றில் நீக்கியது மற்றதிலும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து, அடுத்த பயிற்சிக்காகப் பழசைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஆறு பேர் தாமாகவே வந்து கேட்டார்கள். சத்தமில்லாமல் சேர்த்துவிட்டேன். அக்கா வந்தபோது மேனேஜர் லிஸ்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"சார், என் பேரு இருக்குதா?"

"நீங்க பேரே குடுக்கலியே, அக்கா."

"குடுத்தேனே சார்... குடுக்கலியா? மாத்திரை ஜாஸ்தி சார், மறந்துட்டேன் போல. மன்னிச்சுக்குங்க, பேஜார் பண்ணிட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்... என்னிடம்!

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று கம்பெனியில் எனக்கொரு மதிப்பு இருந்தது. அது போய்விடுமே என்று பயந்தேன். அதன்பிறகு பயிற்சியே நடக்கவில்லை. அக்கா இன்னும் அதே மேஜையில்தான்.

இப்போதாவது சொல்லலாமே என்கிறீர்களா? தினமும் சொல்லிவிடுவதாகத்தான் கிளம்புகிறேன். அந்த இருமல் கேட்டதும் குனிந்துகொள்கிறேன். களைத்துப்போய்விட்டேன்...

போன வாரம் பஸ்ஸுக்குப் பெயர் எடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் பெயரை இரண்டு முறை சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"சலோமிக்காதான் சார் சொன்னாங்க. 'ரெண்டு தபா சொல்லு, என்னை மாதிரி குடுக்காமலே குடுத்தேன்னு போய் நிக்காத'ன்னு."

சரி என்று தலையாட்டினேன்.