மணியடித்த கை

தி.நகரில் என் கிளினிக்கில் அன்று மாலை நல்ல கூட்டம். துணிக்கடையில் வேலை பார்க்கும் செல்வியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அவர் பைக்குள் கைவிட்டு எதையோ தேடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தேன். எழுந்து போய்விட்டார்.

சில நாளில் கடையிலேயே மயங்கி விழுந்து, மகளோடு வந்தார். வேறொரு டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருந்த அதே மருந்து, வேறு கம்பெனிப் பெயரில் அவர் பையில் இருந்தது. இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நான் கேட்கவேயில்லை.

"என் மேலதான் தப்பு டாக்டர். அன்னிக்கே காட்டலாம்னுதான் தேடினேன். நீங்க மணி அடிச்சிட்டீங்க" என்றார்.

இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொன்னேன்; தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

மேஜையிலிருந்து மணியை எடுத்துவிட்டேன். செல்வியம்மா மட்டும் இன்னும் வாசலிலேயே மாத்திரை அட்டைகளை நீட்டிக்கொண்டு, அவசர அவசரமாக உள்ளே வருகிறார்.