விளக்கு வைத்த பிறகு வந்த வேன்

மாலை ஐந்து நாற்பதுக்குப் பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து என் மகள் இறங்கவில்லை.

இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். காலிக் கூடைகளோடு மீன் விற்றுத் திரும்பும் பெண்கள், எக்கியார்குப்பத்துக்கு நடக்க வேண்டிய இரண்டு பேர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. ஜன்னலோரத்தில் தூங்கிப்போயிருப்பாளோ என்று பஸ்ஸுக்குள் ஏறி சீட்டு சீட்டாகத் தேடினேன். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. அவ்வளவுதான்.

கண்டக்டரைக் கேட்டேன். அவருக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. "பச்சைத் தாவணிதானே சார்? காலையில நான்தான் ஏத்திட்டுப் போனேன். திரும்பறப்ப ஏறலியே" என்றார். யாரென்றே தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

எழுபதுகளின் கடைசியில் நான் மரக்காணத்தில் ஓர் உப்பளக் கம்பெனியில் எழுத்தராக இருந்தேன். மனைவி ரவிக்கை தைப்பாள். அதற்காகப் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் தவணைக்குத் தையல் மெஷின் எடுத்திருந்தோம். கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கார்டு கொடுப்பார்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டினால் அந்தக் கட்டத்தில் சீல் விழும். ஒரு மாதம் தவறினாலும் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்கு உரிமை உண்டு என்று கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் படித்தவன். அதனால் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அச்சிட்டதை மட்டும் வைத்து நான் பயப்படவில்லை. அந்தச் சித்திரையில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு வேறொரு கடையின் வேன் வந்து ரேடியோவை எடுத்துப் போனது. அவசரத்தில் அதை அணைக்கக்கூட இல்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அப்படியே தோளில் வைத்துத் தெருவழியே கொண்டுபோனார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். "பாட்டு முடியறவரைக்குமாவது உட்டுட்டுப் போங்கய்யா" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. அந்த வீட்டு அம்மா வெகுநாள் குழாயடிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வேன் நுழைந்தாலும் வாசலுக்கு வந்து அதில் எழுதியிருக்கும் கடைப் பெயரைப் படிப்பேன்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. ஆகவே வியாழக்கிழமையே கட்டியாக வேண்டும். வழக்கமாக நானும் மகளும் சேர்ந்துதான் போவோம். அந்த வியாழனன்று மழை இறங்கும் முன் உப்பை லாரியில் ஏற்றிவிட வேண்டுமென்று கம்பெனியில் ஒருவருக்கும் லீவு கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் காலாண்டு விடுமுறை. மகளுக்குப் பதினைந்து வயது. கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான், வழி தெரியும், நான் போய்வருகிறேன் என்று அவளே சொன்னாள்.

கைக்குட்டையில் பணத்தை முடிந்து கொடுத்தேன். "சீல் போடாம காசைக் குடுக்காத. சீல் இல்லாம திரும்பியும் வராத" என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, பகலிலேயே கட்டிவிடும்படியும், விளக்கு வைத்த பிறகு கையிலிருந்து காசை எடுத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். இரண்டுக்கும் மகள் தலையாட்டினாள். எப்படியும் ஐந்து நாற்பது பஸ்ஸுக்குள் வந்துவிடுவாள். விளக்கு வைப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

அடுத்த பஸ் ஆறரைக்கு. அதற்காக நின்றேன். அதிலும் அவள் இல்லை. இனி பஸ் கிடையாது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும் தைரியம் இல்லாமல் ஆபீசுக்கு ஓடினேன். ஊரில் நான் தொடக்கூடிய ஒரே டெலிபோன் அங்கேதான் இருந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். கடை நம்பர் கார்டில் இருக்கிறது, கார்டு மகளிடம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது மனப்பாடம். பயந்தவனுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் கேட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மணி அடித்தது. "ரிங் போய்க்கிட்டே இருக்கு சார். யாரும் எடுக்கல. கடை சாத்திட்டிருப்பாங்க" என்றார் ஆபரேட்டர். கடை சாத்தியாயிற்று என்றால் என் பெண் எங்கே நிற்கிறாள்?

ஆபீசிலிருந்து வீட்டுக்கு உப்பளத்து வரப்பு மேலேதான் வழி. மழைக்காக உப்பு அம்பாரங்களைப் பனையோலையால் போர்த்தியிருந்தார்கள். நீளநீளமாக, வெள்ளையாக, ஓலை போர்த்திப் படுத்துக் கிடந்தன. தினமும் பார்ப்பவைதான். அன்று அவை எப்படித் தெரிந்தன என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கைக்குட்டை முடிச்சை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கோட்டக்குப்பம் தாண்டிச் சாலையின் இருபக்கமும் வரும் சவுக்குத் தோப்புகளை நினைத்தேன். கொஞ்சம் இருட்டியதுமே அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். சட்டை மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தால் அவள் ஒற்றை ஆளாகத் தையல் மெஷினைத் தரதரவென்று இழுத்து வாசற்படி ஓரம் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தாள். தைக்கக் கிடந்த துணிகளைக் கூட அதன் மேலிருந்து எடுத்துவிட்டாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"வந்தா எடுத்துட்டுப் போவட்டும். எனுக்கு மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொண்ணு வந்து நின்னா போதும்."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதையோ கொடுத்து எதையோ கேட்பதுபோல் இருந்தது. சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் வெளிச்சம் திரும்பியது. இரண்டு கண்கள்போல விளக்குகள், மேட்டிலும் பள்ளத்திலும் ஆடி ஆடி வந்தன. வேன். பக்கவாட்டில் எழுதியிருந்த கடைப் பெயர் எங்கள் வாசல் வெளிச்சத்தில் தெரிந்தது. கெடு நாளைக்குத்தானே, இன்றைக்கே ஏன் வந்தார்கள் என்று என் மூளை ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், இவர்களைக் கேட்டால் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமே என்று கெஞ்சியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதவும். நான் வெட்கப்படவில்லை. வேனை நோக்கி ஓடி, "எடுத்துக்கங்க பாய், வாசல்லயே இருக்குது" என்று கத்தினேன்.

கடை முதலாளி கூனிமேட்டுக்காரர். ஓட்டுகிற இடத்திலிருந்து அவரே இறங்கினார். மறுபக்கக் கதவு திறந்தது. பச்சைத் தாவணி.

என் மனைவி அவளைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அழுகைக்கு நடுவே மகள் சொன்னதையும், முதலாளி சொன்னதையும் வைத்துத்தான் நடந்தது புரிந்தது. அவள் கடைக்குப் போன நேரத்தில் முதலாளி இல்லை. கூனிமேட்டில் சொந்தத்தில் ஒரு சாவு, மவுத் என்று பெட்டிச் சாவியையும் சீலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். கடைப் பையன்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போ, சீல் நாளைக்குப் போடுகிறோம் என்றார்கள். சீல் இல்லாமல் தர மாட்டேன் என்றாள். அப்படியானால் நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றாள். கடை வாசலில் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடக்கம் முடிந்து, கடையைச் சாத்த அவர் திரும்பி வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து, சீலை எடுத்து வைத்து, குடு பாப்பா என்று கை நீட்டியிருக்கிறார். கடையில் அப்போதுதான் டியூப் லைட்டைப் போட்டார்கள். என் மகள் முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, விளக்கு வைத்துவிட்டார்கள், இனிமேல் தரக் கூடாது என்று சொல்லிவிட்டு விம்மத் தொடங்கினாளாம்.

முதலில் சிரித்ததாகவும், அவள் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டதாகவும் அவர் சொன்னார். மெஷினைத் தூக்க வேன் வருமா என்று அவள் கேட்டிருக்கிறாள். ஏறு பாப்பா, அந்த வேன்லயே போலாம் என்று ஏற்றிக்கொண்டு, தன் ஊரைத் தாண்டி எங்கள் ஊர்வரை வந்திருக்கிறார்.

முடிச்சு இன்னும் அவள் கையில் இருந்தது. வியர்வையில் ஊறியிருந்தது. அதை வாங்கி அவரிடம் நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அட, வைங்க சார். உங்களுக்கு நாளைக்குத்தான் வெள்ளி. எங்களுக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகையோடயே வெள்ளி பொறந்தாச்சு. வெள்ளியில காசு குடுக்க வெச்சேன்னு உங்க வீட்டம்மா என்னைத்தான் ஏசுவாங்க" என்றார். மகளிடம் வாங்கி வைத்திருந்த மஞ்சள் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மாதத்துக் கட்டத்தில் சீல் விழுந்திருந்தது. "சனிக்கிழமை பகல்ல வாங்க. நீங்களே வாங்க."

கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இப்போதும் வீட்டு முன்னால் ஏதாவது வண்டி வந்து நின்றால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். மகளுக்குக் கல்யாணமாகி, அவள் வரும் கார்தான் அது என்று தெரிந்தாலும் எழுந்து நிற்கிறேன்.

அவர் வண்டியில் ஏறப் போனவர், வாசற்படி ஓரம் தனியாக நின்ற மெஷினை அப்போதுதான் பார்த்தார். எதிர்வீடு, பக்கத்துவீடு என்று கூடிவிட்ட சனத்தையும் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அதை உள்ள எடுத்து வைங்கம்மா, பனி எறங்குது. நான் புள்ளைய எறக்கத்தான் வந்தேன். மெஷினை ஏத்த வரல."