ஓட்டிஸுக்கு ஊரில் நாலு பெயர்

வெர்னா கொஸ்கெலா எங்கள் பிராணிகள் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். நான் முன்மேசையில் தொலைபேசி எடுப்பவள். வடக்கு மினசோட்டாவில் இரும்புச் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊர் எங்களுடையது. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம், வந்தது நாயாக இருந்தாலும் சரி. அதனால் எடை குறைக்க வேண்டிய பிராணிகளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர் அவற்றை வெர்னாவிடம் ஒப்படைத்துவிடுவார்.

அந்த வேலையில் அவள் கறார். அவளுடைய சொந்தப் பூனைக்குக் கிண்ணம் காலியாகவே விடாமல் நிரப்பி வளர்த்தாள். அது உருண்டு திரண்டு, சர்க்கரை நோய் வந்து, ஒன்பது வயதில் செத்துப்போனது. "ஆசைங்கற பேர்ல நானே அதைக் கொன்னுட்டேன்" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரலில் எட்மண்ட் ஸுப்பான் தன் பீகிள் நாய் ஓட்டிஸை அழைத்து வந்தார். எழுபத்து நாலு வயது. சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு அவரும் நாயும்தான். முப்பது பவுண்டு இருக்க வேண்டிய நாய் நாற்பத்து நாலு இருந்தது. விலா எலும்பைத் தேடி வெர்னாவின் விரல்கள் வெகுநேரம் அலைந்தன.

"காலையில அரை கப், சாயங்காலம் அரை கப். கப்பைத் தலைதட்டிப் போடணும். உங்க தட்டுலேர்ந்து ஒரு துண்டுகூடக் கூடாது, எட்."

"ஒரு துண்டுகூடவா?"

"ஒரு துண்டுகூட."

"நீ ஜெயில்ல வார்டனா போயிருக்கணும்மா" என்றார் எட்மண்ட். ஆனால் அவள் கொடுத்த அளவு கப்பைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து நிறுத்தபோது நாற்பத்தைந்து. ஒரு பவுண்டு கூடியிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார். நோய் எதுவும் இல்லை. அடுத்த நாலு வாரத்திலும் அதே நாற்பத்தைந்து. காத்திருக்கும் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதைக்கூட யோசிக்காமல் வெர்னா, "யாரை ஏமாத்தறீங்க, எட்? அதையா, என்னையா?" என்று கேட்டுவிட்டாள்.

"நான் பொய் சொல்றேங்கறியா?"

"தராசு சொல்லுது."

அவர் குனிந்தார். நாயின் வாரை எடுத்து மாட்டினார், தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தேதிக்கு வரவில்லை. நான் அழைத்தபோதும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் வெர்னா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு புதன்கிழமை மதிய இடைவேளையில், "நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்" என்று சீருடையோடு கிளம்பினாள். எட்மண்ட் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று அவள் தயங்கி நிற்கும்போதே, பக்கவேலியின் அடியில் இருந்த பள்ளம் வழியாக ஓட்டிஸ் வயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. அவளைப் பார்த்தது. வாலை ஆட்டியது. தன் வழியே நடந்தது. அவளும் பின்னால் போனாள்.

முதலில் தீயணைப்பு நிலையம். "வாங்க சீஃப்!" என்று ஒருவன் அரை சாண்ட்விச்சை நீட்டினான். அடுத்தது லூத்தரன் தேவாலயச் சமையலறை. அங்கே அதன் பெயர் பாஸ்டர். வால்நட் ரொட்டியின் ஓரத்துண்டுகள் தனித்தட்டில் தயாராக இருந்தன. "பாவம், வீட்டுல பட்டினி போடறாங்க போல. சாப்பிடறதைப் பாருங்களேன்" என்றாள் ஒருத்தி.

கடைசியாக இர்மா டொலோனன் வீடு. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியோடு முடங்கிப்போனவள். கதவை அவள் சாத்துவதே இல்லை. "வந்துட்டியாடா செல்லம்" என்று பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள்.

வெர்னா திரும்பிப் போய் எட்மண்டை எழுப்பி, பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, எட். நாலு பேர் முன்னாடி உங்களைப் பேசிட்டேன். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அது பார்த்துட்டே நிக்குதேன்னு நானும் பாதி வயிறுதாம்மா சாப்பிட்டேன். எனக்குப் பன்னிரண்டு பவுண்டு குறைஞ்சிருக்கு. இவன் என்னடான்னா ஊர் பூரா விருந்து சாப்பிட்டிருக்கான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெர்னாவுக்குத்தான் அழுகை வந்தது.

தீயணைப்புக்காரர்களும் தேவாலயப் பெண்களும் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்கள். இர்மா மசியவில்லை.

"அது வர்றதே பாலாடைக்கட்டிக்குத்தான். வெறுங்கையோட ஒரு கிழவி உட்கார்ந்திருந்தா யாரு வருவா?"

வெர்னா திரும்பி வந்துவிட்டாள். ஒருநாள் யோசித்துவிட்டு ஒரு மூடி போட்ட டப்பாவோடு போனாள். ஓட்டிஸின் அன்றைய தீனியிலிருந்தே கால் பங்கை எடுத்து அதில் போட்டிருந்தாள்.

"இது அதோட சாப்பாட்டுலேர்ந்து எடுத்ததுதான். ஒவ்வொண்ணா கொடுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கொடுக்கலாம்."

ஓட்டிஸ் முதல் தீனி உருண்டையை முகர்ந்தது. பாலாடைக்கட்டி இருக்கும் தட்டைத் தேடியது. பிறகு இர்மாவின் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு, கொடுத்ததை ஒவ்வொன்றாக மென்றது. டப்பா காலியாகும்வரை இர்மா கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வேலியடிப் பள்ளத்தை எட்மண்ட் மண்போட்டு மூடினார். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, சுற்றுவழியாக ஒரு மைல் தானே நாயை நடத்திக்கொண்டு இர்மா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே உட்கார்ந்தார். இர்மா சீட்டுக்கட்டை எடுத்தாள். அவர் தோற்றார். மறுநாள் மழை இல்லை, ஆனாலும் உட்கார்ந்தார்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. மாதம் இரண்டு பவுண்டு. ஒரு மாதம் ஒன்றுகூட இல்லை. அந்த மாதம் வெர்னா யாரையும் எதுவும் கேட்கவில்லை. மார்ச்சில், தெருவில் பனி இன்னும் இறுகிக் கிடக்கும்போது, தராசு முப்பத்தொன்று காட்டியது. வெர்னா விலாவில் விரலை ஓட்டி, ஒவ்வொரு எலும்பாக எண்ணிக் காட்டினாள்.

"சீக்கிரம்மா" என்றார் எட்மண்ட். "ரெண்டு மணிக்கு அங்க இல்லைன்னா அவ என் சீட்டையெல்லாம் பார்த்து வெச்சுடுவா."