அந்தமானுக்குப் பதில் முயல் தீவு

இந்தப் பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் அந்தமான் போயிருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும், தூத்துக்குடியிலிருந்து என் தம்பி ஜெனிஸ்டன், அவன் மனைவி ஸ்டெல்லா, அவர்கள் மகள் ஜோவினா. தம்பி சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பதினொரு மாதம் கடலில் கிடந்துவிட்டு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் 'திங்கட்கிழமை அடுத்த கப்பலில் ஏறு' என்று கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். மூன்று மாத லீவும் கோவிந்தா, அந்தமானும் கோவிந்தா.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் எதிரே இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனாலும் விடுமுறையில் மிச்சம் இருந்தது. "தீவுதானல வேணும்? நம்ம முயல் தீவு எங்க போச்சு? வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளும் அங்கன கிடப்போம்" என்றேன். பிறந்து வளர்ந்த ஊரில் இருக்கிற தீவுக்கு நான் கடைசியாகப் போனது கல்யாணத்துக்கு முன்னால், ஒரு காணும் பொங்கலன்று.

அந்தமான் போகாதது வீட்டில் பெரிய கவலை இல்லை. மூன்றரை வயது ஜோவினா தன் அப்பாவை அண்டவே விடவில்லை, அதுதான் கவலை. அவனை அவள் "அங்கிள்" என்று கூப்பிட்டாள். அவன் வாங்கி வந்த பொம்மையை வாங்கிக்கொள்வாள், மடியில் உட்காரச் சொன்னால் ஓட்டம் பிடிப்பாள். படுக்கிற அறைக்குள் அவன் வந்தால் வீடே அதிர அழுகை. பாவம், இரண்டு வாரமாக ஹாலில் பாயை விரித்துப் படுத்துக் கிடந்தான். கப்பலில் இருந்தபோது தினமும் வீடியோ காலில் "கேப்டன் ஜோவி, சாப்டாச்சா? ஓவர்!" என்பானாம். அதையே வீட்டில் சொல்லிப் பார்த்தால், "அது எங்க அப்பா சொல்றது, நீங்க சொல்லக் கூடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை அவள் தன்னை அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய ஆட்டோ பிடித்தோம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து தீவு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். படகு கிடகு எதுவும் வேண்டாம், தரைவழிப் பாதை இருக்கிறது. ஆட்டோக்கார அண்ணாச்சி வண்டியைக் கிளப்பும்போதே, "எல்லாரும் ஏறிட்டியளா? முயல் தீவுல முயல் இருக்கான்னு மட்டும் கேக்காதிய. போன வாரம் பூரா அதுக்குப் பதில் சொல்லியே தொண்ட கட்டிப்போச்சு" என்றார். அதையே கேட்க வாயைத் திறந்த என் வீட்டுக்காரர் "சரிங்கண்ணா" என்று மூடிக்கொண்டார்.

கடற்கரைச் சாலையைத் தாண்டிவிட்டால் ஒரு பக்கம் உப்பளம், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகத்தின் கிரேன்கள். இதென்ன தீவு என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். உள்ளே போனதும் சுளிப்பு போய்விட்டது. கலங்கரை விளக்கம், உடை மரங்களின் நிழல், கண்ணாடி மாதிரி தண்ணீர். ரொம்ப தூரம் உள்ளே நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாத கடல். கோயம்புத்தூர்க்காரரைத் தண்ணீரைவிட்டு வெளியே இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மத்தியானம் புளிசாதமும் பொரித்த ஊளி மீனும் பிரித்து உட்கார்ந்தபோதுதான் அது நடந்தது. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலைப் பார்த்து ஜோவினா எழுந்து நின்று கையாட்டினாள். "அப்பா டாட்டா! ஜோவி மீன் சாப்பிடுதேன்!" அவளுக்கு இரண்டு முழம் தள்ளி, கையில் சோற்று உருண்டையோடு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தோம். அவள் முகம் வெளிறிவிட்டது. "சோறு ஊட்டணும்லா மைனி. சாயங்காலம் பீச்சுக்குக் கூட்டிட்டு வந்து, 'அங்கன பாரு, அப்பா கப்பல், அப்பா பாத்துட்டே இருக்காரு, ஆ காட்டு'ன்னு ஊட்டுவேன். தெனமும்."

"ஏளா, எந்தக் கப்பல காட்டுவ?"

"எது நிக்கோ அது."

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் எங்கள் தெருவில் கப்பலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சோறு தின்று வளர்ந்தோம். மற்ற ஊரில் நிலாவைக் காட்டுவார்கள், நாங்கள் கப்பலைக் காட்டுவோம். பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது. அப்பா அங்கே பத்திரமாகக் கப்பலில் இருக்கும்போது, வீட்டுக்குள் வந்து அம்மா பக்கத்தில் உட்காருகிற இந்த ஆள் யார்? அவள் அழுததில் என்ன தப்பு? ஜெனிஸ்டன் முதலில் சிரித்தான். அப்புறம் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான்.

சனிக்கிழமையும் அதே ஆட்டோ, அதே நிழல். சாப்பாடு மட்டும் கடையில் வாங்கிய பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும். சாப்பிட்டு முடித்ததும் தம்பி, "எக்கா, அவ கையில ஸ்டெல்லா போனைக் குடு. எதுவும் பேசாத" என்று சொல்லிவிட்டு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டான்.

போன் அடித்தது. வீடியோ கால். மர நிழலில் முகம் இருட்டாகத்தான் தெரிந்தது, குரல் மட்டும் தெளிவு. "கேப்டன் ஜோவி, சாப்டாச்சா? ஓவர்!"

"அப்பா!" என்று கத்தினாள் பாருங்கள், எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரமாக அந்தக் கால் வரவில்லையே, எத்தனை ஏக்கம் பிள்ளைக்கு! மூச்சுவிடாமல் பேசினாள். பரோட்டா சாப்பிட்டதைச் சொன்னாள், காலில் சிப்பி குத்தியதைச் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு அங்கிள் வந்திருக்கு. போவே மாட்டேங்கு. நீ சீக்கிரம் வா" என்றாள்.

"வாரேன் மக்கா. இந்தா வந்துட்டே இருக்கேன், நீ போனையே பாரு" என்றான். கேமராவைத் திருப்பியிருப்பான் போல. போனில் மணல் தெரிந்தது, உடை மரம் தெரிந்தது, ஸ்டெல்லாவின் மஞ்சள் சுடிதார் தெரிந்தது. அப்புறம் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டிப் பெண்ணின் முதுகு. "அது ஜோவி!" என்றாள். "ஜோவிதான். திரும்பிப் பாரு" என்ற குரல் போனிலும் வந்தது, பின்னாலும் வந்தது.

திரும்பினாள். போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அவன் மண்டி போட்டு உட்கார்ந்தான். மெதுவாகப் போய் அவன் கன்னத்தைத் தடவி, "தாடி எங்க?" என்று கேட்டாள். கப்பலில் தாடியோடு இருந்தவன் வீட்டுக்கு வந்த அன்றே மழித்திருந்தான், அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

"கப்பல்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"அப்போ அந்த அங்கிளு?"

"அவரு போயிட்டாரு."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஸ்டெல்லா அழுதாள், நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் கண்ணில் மண் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி நின்றார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக மறுபடி தீவுக்குத்தான். அன்று முழுக்க அவள் தரையில் கால் வைக்கவில்லை, அப்பன் தோளிலேயே சவாரி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். துறைமுகத்தை ஒட்டிய இடம், எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஆட்டோ பேசும்போதே விசாரித்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே கடைகளை நம்ப வேண்டாம், தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய்க் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். செருப்பைக் கழற்றாதீர்கள், பவளப் பாறைத் துண்டு காலைக் கிழித்துவிடும். கலங்கரை விளக்கத்தில் ஏற ஆசை இருந்தால் மாலை நேரத்தில் கேட்டுப் பாருங்கள். காணும் பொங்கலன்று ஊரே அங்கேதான் இருக்கும், கூட்டம் பிடிக்குமென்றால் அன்று போங்கள். அந்தமானுக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், என்னிடம் கேட்காதீர்கள், நான் நியாயமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை வாகைக்குளம் விமான நிலையத்தில் ஜோவினா அவன் சட்டையை விடவே இல்லை. "அப்பா போவாத, அப்பா போவாத" என்று அவள் போட்ட கூச்சலில் வாசல் காவலரே ஒதுங்கி நின்றார். ஸ்டெல்லா விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அப்பான்னு தெரிஞ்சு ரெண்டு நாள்தான ஆச்சு, பிள்ளைய இப்படி அழ வச்சிட்டுப் போறியேல" என்றேன்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"போன தடவ போவும்போது டாட்டா காட்டிட்டு பிஸ்கட் கேட்டா எக்கா. இந்தத் தடவ எனக்காக அழுதா, பாத்தியா?"